கோப்பு வெறுமையாக இருந்த கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கிழமை முழுக்க, என் கையாலேயே அழித்துக்கொண்டிருந்த ஒன்றை யார் அழிக்கிறார்கள் என்று தேடித் திரிந்த மடையன் நான். வயரைச் சந்தேகித்தேன். பெட்டியைச் சந்தேகித்தேன். கடற்காற்றிலிருக்கும் உப்பைச் சந்தேகித்தேன். ஒரு கட்டத்தில், மேசைக்கடியில் படுத்திருந்த பூனையைக்கூடச் சந்தேகித்தேன். நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள், காலையில் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்ட அந்த ஆள்தான்.

திருகோணமலையில் உட்துறைமுகத்தை ஒட்டிய ஒரு வீதியில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். நான் கெட்டிக்காரன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டவன் யார் என்று என் மனைவியிடம் கேட்டால் சொல்லுவாள். அவள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் டிப்ளோமா எடுத்தவர்கள். அவள் படித்து எழுதினாள், நான் அவளைப் பார்த்து எழுதினேன்.

என் கடையிலிருந்து நாலு கதவு தள்ளி, படகுக்காரரிடம் மீன் வாங்கி விற்கிற ஒரு வாடி இருக்கிறது. அதை நடத்துகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அவரை எல்லாரும் அக்கா என்ற முறையில் ராத்தா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வாடிக்குப் பின்னால் ஒரு குளிர் அறை. விடியற்காலையில் படகுகள் இறக்குகிற பெரிய சூரை மீன்களை அதற்குள் ஐசில் அடுக்கி வைத்து, பின்னேரம் வருகிற குளிர் லொறியில் கொழும்புக்கு அனுப்புவதுதான் ராத்தாவின் புதிய யோசனை. உள்ளூர்ச் சந்தைக்கு விற்றுக்கொண்டிருந்தவருக்கு, வெளிநாட்டுக்கு மீன் அனுப்புகிற ஒரு கொம்பனி கிடைத்தது பெரிய விடயம். ஆனால் அந்தக் கொம்பனிக்கு ஒரு சட்டம் இருந்தது. மீன் குளிர் அறைக்குள் போன நேரத்திலிருந்து லொறியில் ஏறுகிற நேரம் வரைக்கும் உள்ளே எத்தனை பாகைக் குளிர் இருந்தது என்று ஒரு பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் மீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் லொறி வெறுமையாகத் திரும்பிவிடும்.

முதல் முறை அதுதான் நடந்தது. அப்போது பதிவைக் கடதாசியில்தான் எழுதினார்கள். குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தாள் தொங்கும், வேலையாள் அரை மணிக்கொரு தடவை அளவைப் பார்த்து எழுதுவார். லொறி வர ஒரு மணித்தியாலத்துக்கு முன், எல்லாரும் மீன் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மான் ஒன்று அந்தத் தாளை ஆணியோடு சேர்த்து இழுத்துத் தின்றுவிட்டது. எங்கள் ஊர் மான்களுக்குப் புல் பிடிப்பதில்லை. பஸ் நிலையத்தில் நின்று வாழைப்பழத் தோல் கேட்டு வாங்குகிற சாதி அது. தாளின் ஒரு மூலை மட்டும் ஆணியில் மிஞ்சியது. அதில் ‘காலை 6.30’ என்று இருந்தது. கொம்பனியிலிருந்து வந்திருந்த தர அதிகாரி, கண்ணாடி போட்ட ஓர் இளம் பெண், அந்த மூலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, மிச்சம் எங்கே என்று கேட்டிருக்கிறார். மான் தின்றுவிட்டது என்று ராத்தா உண்மையைச் சொன்னார். கொழும்பில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லொறி வெறுமையாகப் போனது.

ராத்தா கெஞ்சிக் கேட்டு இரண்டாம் வாய்ப்பொன்று வாங்கினார். இந்த முறையும் பதிவு இல்லையென்றால் இனி இந்தப் பக்கம் லொறி வராது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் அவர் என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

“தம்பி, மான் தின்ன ஏலாத மாதிரி எழுதுற சாமான் ஏதும் இரிக்கா?”

இருக்கிறது என்றேன். கேட்டது நான் கெட்டிக்காரன் என்ற கதையை நம்பிய ஒரு மனுசி. வேறு என்ன சொல்ல?

கடையில் எவரும் திரும்ப வந்து எடுக்காத பழைய கணினி ஒன்று கிடந்தது. அதில் லினக்ஸ் ஏற்றினேன். குளிர் அறைக்குள் சின்னப் பெட்டியொன்றை மாட்டி, வயரால் கணினியோடு இணைத்தேன். அந்தப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நேரத்தையும் பாகையையும் வயர் வழியே அனுப்பும். தனக்குள் எதையும் வைத்துக்கொள்ளாது. அனுப்பியதை மறந்துவிடும், என்னைப் போல. பாகையை மட்டும் அனுப்பினால் நல்லம், ஆனால் அது வாய் ஓயாத பெட்டி. பற்றரி எவ்வளவு, ஈரப்பதன் எவ்வளவு, தன்னைச் செய்தவன் யார் என்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கட்டளைகளைக் கோத்து வைத்தேன். முதலாவது, வயரில் வருவதை அப்படியே வாங்கிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் பூனை. மீன் வாடியில் பூனையை நம்பி வேலை கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். இரண்டாவது கட்டளையின் பெயர் கிரெப். அது பூனை கொடுப்பதில் பாகை உள்ள வரியை மட்டும் பொறுக்கி எடுக்கும்.

திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கொரு வரி, கச்சிதமாக விழுந்தது. ராத்தா பார்த்து மகிழ்ந்தார், எனக்கு இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீ வந்தது. இனி இதைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்புக்குள் போகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கட்டளையின் வாலில் > என்று ஒரு குறியைப் போட்டு, கோப்பின் பெயரை எழுதிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கோப்பின் அளவு பூச்சியம்.

கொன்ட்ரோல், சீ என்ற இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன். திரையில் ஓடவிட்டேன், வரி வந்தது. மறுபடி கோப்புக்குத் திருப்பினேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பூச்சியம். நிறுத்தினேன், ஓடவிட்டேன், பார்த்தேன், நிறுத்தினேன். மூன்று நாள் இப்படியே போனது. என் கண் பார்க்கிறவரைக்கும் ஒழுங்காக வேலை செய்து, கோப்புக்கு அனுப்பினால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும் ஒரு இயந்திரத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. உப்புக்காற்றில் வயர் செத்துவிட்டது என்று ராத்தாவிடம் சொன்னேன். அவர் அப்படியா என்றார்.

நாலாம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. வேலையாள் தரை கழுவிக்கொண்டு போகையில் தும்புத்தடியில் வயர் சிக்கி, கணினியிலிருந்து கழன்று விழுந்தது. அவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், அதுவரை வெறுமையாகக் கிடந்த கோப்பில் அன்று காலையிலிருந்து வந்த வரிகள் அத்தனையும் ஒழுங்காகக் குந்தியிருந்தன.

அறிவுள்ள ஒருவன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான். நான் நேரே மின்சாமான் கடைக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தேன். பழைய வயர் இழுபட்டதும் சரியாகிவிட்டது, ஆகவே அது லூசான வயர் என்பது என் முடிவு. புது வயரைப் போட்டு இறுக்கி, டேப்பும் சுற்றினேன். இனி ஆர் தும்புத்தடியால் இழுத்தாலும் கழலாது என்று வேலையாளிடம் பெருமையடித்தேன். கோப்பு மறுபடி பூச்சியமானது.

வீட்டில் மனைவி ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். அவளிடம் கேட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் டிப்ளோமா வகுப்பில் பார்த்து எழுதியவனுக்கும் ஒரு மானம் இருக்கிறதல்லவா?

மீன் வருகிற நாளும் வந்துவிட்டது. காலை ஆறே காலுக்குச் சூரைகளைக் குளிர் அறைக்குள் அடுக்கி முடித்தார்கள். நானும் அதே நேரத்தில் கட்டளையைக் கோப்புக்குத் திருப்பி ஓடவிட்டேன். அதற்கு முந்தின நாள் நிறைய வணங்கியிருந்தேன், கோயில் பூசை மணி கேட்டபோது மட்டுமல்ல, கடைப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன நேரத்திலும். வழமை போல அரை மணிக்கொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நிலாவெளி ஹோட்டல் ஒன்றிலிருந்து பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. சிக்கிய தாளை எடுத்துக்கொடுத்துவிட்டு உடனே திரும்பியிருக்கலாம். அவர்கள் நண்டுக் கறியோடு சோறு போட்டார்கள். சோற்றுக்குப் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கதிரை இருந்தது. நான் கண்ணை மூடித் திறக்க மணி இரண்டரையாகிவிட்டது.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பயனுள்ள வேலை அந்த நித்திரைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு வாடிக்குள் ஓடினேன். குளிர் லொறி வாசலில் பின்பக்கம் காட்டி நின்றது. தர அதிகாரி மேசைக்கருகில் கையில் பேனையோடு இருந்தார். ராத்தா என்னைப் பார்த்து, வந்துவிட்டான் கெட்டிக்காரன் என்கிற மாதிரி முகம் மலர்ந்தார். நான் கோப்பைத் திறந்தேன்.

பூச்சியம்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கித் திரையைப் பார்த்தார். அவரின் தமிழில் கொஞ்சம் சிங்களத்தின் இழுவை இருக்கும்.

“இன்டைக்கும் மானா?”

ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைவிட அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். உள்ளே ஒரு படகின் முழு மீனும் கிடக்கிறது, நாலு மணிக்கு லொறி வெளிக்கிட வேண்டும், காலையிலிருந்து பாகை எத்தனை என்று சொல்ல உலகத்தில் ஒரு வரி இல்லை. ஒரு நிமிடம், நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். கை பழக்கத்தில் கொன்ட்ரோல் விசைக்குப் போய்விட்டது. சீயின் மேல் மற்ற விரல்.

அந்த நேரம் ஏன் எனக்கு மனைவியின் ஞாபகம் வந்தது என்று தெரியாது. பயம் வந்தால் எல்லா ஆண்களுக்கும் வரும் போல. ஒரு கையை விசையிலேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் போன் எடுத்தேன். பாடசாலை விட்டு வந்து நித்திரையில் இருந்தவள். கை போதாததால் போனை மேசையில் வைத்து, சத்தத்தை வெளியே கேட்க விட்டேன். அது அன்றைய இரண்டாவது மடத்தனம், ஏனென்றால் பிறகு நடந்தது முழுவதையும் வாடியே கேட்டது.

கோப்பு வெறுமையாகக் கிடக்கிறது, நிறுத்தித் திரும்பப் போடப் போகிறேன் என்றேன்.

“கையை எடுங்கோ.”

“எதில இருந்து?”

“எல்லாத்திலயும் இருந்து. கையைப் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ.”

பத்துப் பேர் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவள் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். திரையில் விட்டால் வரி வரியாக வருகிறதா, ஓம். கோப்புக்கு விட்டால் வருவதில்லையா, ஓம். எத்தனை நாளாக இப்படி, ஒரு கிழமையாக. ஒவ்வொரு முறையும் என்ன செய்தீர்கள்? நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன்.

அவள் எழும்பி உட்காருகிற கட்டில் சத்தம் போனில் கேட்டது.

பிறகு அவள் விளக்கினாள். பார்க்கிற கண் இருக்கிறது என்பதால், திரைக்கு எழுதும்போது கிரெப் ஒவ்வொரு வரியாக உடனுக்குடன் விடும். கோப்புக்கு எழுதும்போது அப்படியில்லை. ஒவ்வொரு வரிக்கும் வட்டுக்கு ஓடித் திரிவது வீண் அலைச்சல் என்று, வரிகளைத் தன் மடியில் சேர்த்துக்கொண்டே இருக்கும். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து சேர்ந்த பிறகுதான் ஒரே தடவையில் கோப்பில் கொட்டும். அதுவரை கோப்பு பூச்சியம்தான். வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த நேரம் பார்த்து நாங்கள் கொன்ட்ரோலையும் சீயையும் அழுத்தினால் பூனையும் சாகும், கிரெப்பும் சாகும், மடியில் இருப்பதும் அதோடு போய்விடும்.

எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. ராத்தா போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“மகள், இது நம்மட குச்சவெளி லொறி மாதிரியா? பெட்டி நிரம்பாம வெளிக்கிட மாட்டான்?”

“அதேதான் ராத்தா.”

“அப்ப ஒரு கிழமையா இவர் என்ன செஞ்சிரிக்கார்? லொறி வரல்லயெண்டு பாதி வழியில போய் நெருப்பு வச்சிட்டு வேற லொறி அனுப்பியிரிக்கார்.”

“ஓம் ராத்தா. ஒவ்வொரு நாளும்.”

ஒரு கிழமையாக எனக்கு விளங்காதது, மீன் ஏற்றுகிற ஒருவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. சிரிப்பை மறைக்க அதிகாரி கொப்பியைப் புரட்டினார். வேலையாள் மறைக்கவும் இல்லை.

ஆனால் லொறி இன்னும் நிரம்பவில்லை. மனைவி கணக்குப் போட்டாள். ஒரு வரிக்கு முப்பது எழுத்து என்றால், நிரம்ப இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும், அப்போதும் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டுத்தான் விழும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்க ஏலாது என்றார். காலையிலிருந்து வந்த அத்தனை பாகையும் எனக்கு முன்னாலிருந்த கணினிக்குள் உயிரோடு இருந்தது. ஆனால் அதை வெளியே எடுக்கக் கையை நீட்டினால் செத்துவிடும்.

கிரெப்பைத் தொடக்கூடாது, அதற்குச் சாப்பாடு கொடுக்கிற பக்கத்தை மட்டும் நிற்பாட்ட வேண்டும் என்றாள் மனைவி. இனி வர ஒன்றுமில்லை என்று தெரிந்தால், மடியில் இருப்பதைக் கொட்டிவிட்டுத்தான் அது போகும். பெட்டியின் வயர் எங்கே பூட்டியிருக்கிறது என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தும்புத்தடி ஞாபகம் வந்தது. நாலாம் நாள், வயர் கழன்று விழ, பூனைக்கு வருவது நின்றுபோக, கிரெப் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறது. கடவுளே வந்து தும்புத்தடியால் விடையைக் காட்டிவிட்டுப் போக, நான் அதற்கு டேப் சுற்றியிருக்கிறேன்.

வயரைப் பிடித்தேன். மனைவி சொன்னது சரிதான், அவள் எப்போதும் சரிதான், ஆனால் ஒருவேளை இந்த ஒரு தடவை பிழையாகிவிட்டால்? ஒரு படகு மீன். ராத்தாவின் இரண்டாம் வாய்ப்பு. நான் டேப்பின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

“இந்தக் கறுத்த வயர்தானே?” என்றார் ராத்தா. ஓம் என்று நான் சொல்வதற்கு முன், மீன் வெட்டுகிற கத்தியால் டேப்பைக் கீறி, ஒரே இழுவையில் வயரைக் கழற்றிவிட்டார்.

திரையில் அடுத்த கட்டளைக்கான குறி வந்து மினுங்கியது. கோப்பைத் திறந்தேன். காலை ஆறே காலில் தொடங்கி மூன்று பத்து வரைக்கும் நூற்றுச் சொச்சம் வரிகள், ஒன்றும் குறையாமல், கடைசி வரிகூட முழுதாக.

அதிகாரி அவசரப்படாமல் மேலிருந்து கீழே வரிக்கு வரி படித்தார். எல்லாம் ஒரு பாகைக்குக் கிட்டக்கிட்ட. நடுவில் ஓரிடத்தில் அவர் பேனை நின்றது.

“பன்னிரண்டு பத்துக்கு ஏன் கூடியிருக்கு?”

“லுஹர் தொழப் போக முதல் ஐஸ் போடக் கதவு திறந்தம் மிஸ். ரெண்டு பெட்டி ஐஸ். எண்ட கையாலதான் போட்டன்,” என்றார் ராத்தா.

அதிகாரி அடுத்த வரிகளைப் பார்த்தார். கால் மணித்தியாலத்தில் பாகை மறுபடி இறங்கியிருந்தது. தலையாட்டினார். ஒரே மாதிரி இலக்கம் வரிசையாக இருந்திருந்தால், யாரோ இருந்து எழுதியது என்று நினைத்திருப்பாராம். கதவு திறந்ததைக்கூட மறைக்காமல் சொல்கிற பதிவை நம்பலாம் என்றார். கோப்பை அவருடைய போனுக்கு அனுப்பினேன். அவர் தாளில் கையெழுத்து வைத்தார், லொறியின் கதவு திறந்தது.

சூரைகள் ஏறி முடிந்தபோது நாலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. லொறி வீதிக்குத் திரும்பும் முன், ஒழுங்கையில் நின்ற ஒரு மான் விலக மனமில்லாமல் விலகியது. அதிகாரி ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டே போனார். முதல் முறை சொன்னது பொய்யில்லை என்று அந்த நேரம்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ராத்தாவுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

வாடி அமைதியானது. வாடிப் பூனை மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, நான் என்ற ஒரு ஆள் நிற்பதைக் கவனிக்காமல் கடந்து போனது. எனக்கு மீண்டும் பிளேன்ரீ வந்தது. இரண்டு மிடறு குடித்ததும் பழைய கெட்டிக்காரத்தனம் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. ராத்தாவுக்குக் கிட்டப் போய், அடுத்த லோட்டுக்கு இந்தப் பிரச்சினையே வராது என்று விளக்கினேன். கிரெப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், கோப்பானாலும் வரிக்கு வரி உடனே எழுதிவிடும், நாளைக்குக் காலையிலேயே வந்து அதைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தச் சொல்லை மனைவிதான் சொல்லித்தந்தாள் என்ற சின்ன விபரத்தை நேரம் போதாததால் விட்டுவிட்டேன்.

ராத்தா கையிலிருந்த கறுத்த வயரைச் சுருட்டி, தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

“உங்கட மனிசிய அனுப்புங்க.”